லுவார் நதிக்கரையில் நான்கு நாள்: கோட்டையும் ஒயினும் பார்க்க முதல்முறை போகிறவர்களுக்கு

பிரான்சின் லுவார் நதிக்கரையில் வூவ்ரே என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஏதாவது ஓர் ஒயின் கிடங்குக்குள் போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கையில் மாவு போல வெள்ளையாக ஒட்டும். சுவர் முழுக்க உளிக்கொத்தின் தழும்புகள், சாய்வாக, வரிசை வரிசையாக. அது கட்டிய சுவர் இல்லை, குன்றைக் குடைந்த சுவர். அந்தக் கல்லுக்குத் தூஃபோ என்று பெயர். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரம் கடலுக்கு அடியில் இருந்தபோது படிந்த சுண்ணாம்புக் கல். வெட்டி எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், காற்றுப் பட்டால் இறுகி வெளுக்கும். இங்கே இருக்கும் அரண்மனைகளில் பெரும்பாலானவை இந்தக் கல்லால் கட்டியவை. கல்லை எடுத்த பிறகு மிஞ்சிய குகைகளில் ஒயின் பீப்பாய்களை அடுக்கினார்கள்.

"லுவார் போறோம், எந்தெந்தக் கோட்டை பாக்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். கோட்டையை மட்டும் வரிசையாகப் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்ததாகும். குகை, ஆறு, திராட்சைத் தோட்டம், சந்தை எல்லாவற்றுக்கும் நேரம் வையுங்கள். நான் பாரிசுக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டு பலமுறை லுவாருக்குப் போயிருக்கிறேன். முதல்முறை அப்பா அம்மாவோடு போனபோது இரண்டு நாளில் ஐந்து கோட்டை என்று திட்டம் போட்டிருந்தேன். மூன்றாவது கோட்டையின் படிக்கட்டில் அம்மா உட்கார்ந்துவிட்டார். "எல்லாம் ஒரே மாதிரி இருக்குப்பா, நீங்க போய் பாத்துட்டு வாங்க." அன்றோடு முடிவு செய்தேன்: ஒரு நாளைக்கு ஒரு கோட்டை, மிஞ்சிப்போனால் இரண்டு. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

லுவார்தான் பிரான்சின் மிக நீளமான ஆறு, ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அதில் சுல்லி என்ற ஊரிலிருந்து ஷலோன் என்ற ஊர் வரையிலான சுமார் 280 கிலோமீட்டரை யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. முதல்முறை போகிறவர்கள் இந்த நீளம் முழுவதையும் பார்க்க நினைக்க வேண்டாம். புளுவா, அம்புவாஸ், தூர், ஷினோன் ஆகிய நான்கு ஊர்களுக்கு நடுவிலேயே வேண்டிய அளவு இருக்கிறது.

இவ்வளவு அரண்மனைகள் எப்படி இங்கே வந்தன? இங்கிலாந்தோடு நடந்த நூறாண்டுப் போரில் பாரிஸ் கைவிட்டுப் போனது. பிரெஞ்சு அரசவை தெற்கே நகர்ந்து லுவார் கரைக்கு வந்தது. 1429இல் ஜோன் ஆஃப் ஆர்க் வந்து இளவரசர் சார்லஸைச் சந்தித்தது ஷினோன் கோட்டையில்தான். போர் முடிந்த பிறகும் அரசர்கள் உடனே பாரிசுக்குத் திரும்பவில்லை. ராஜா இருக்கும் இடத்துக்கு மந்திரியும் கணக்கரும் வருவார்கள், ஆளுக்கொரு மாளிகை கட்டுவார்கள். அப்படி வளர்ந்தது இந்த வட்டாரம். ஆகையால் இங்கே இரண்டு வகை உண்டு. ஷினோன், ஆன்ஷே போன்றவை போருக்காகக் கட்டிய உண்மையான கோட்டைகள். ஷெனோன்சோ, அஸே-லெ-ரிதோ போன்றவை வாழ்ந்து அனுபவிக்கக் கட்டிய மாளிகைகள். பிரெஞ்சில் இரண்டுக்குமே ஷத்தோ என்ற ஒரே சொல்தான். திட்டம் போடும்போது இரண்டு வகையிலும் ஒன்றாவது இருக்கட்டும்.

எப்போது போவது

மே, ஜூன், செப்டம்பர். இந்த மூன்றில் ஒன்று கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். செப்டம்பர் நடுவிலிருந்து திராட்சை அறுவடை. ஷாம்போர் அரண்மனையைச் சுற்றியுள்ள காட்டில் கலைமான்கள் இணை தேடிக் கத்தும் காலமும் அதுதான். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வாடகையும் சேர்ந்து ஏறும். நவம்பர் முதல் மார்ச் வரை சிறிய இடங்கள் பலவும் மூடியிருக்கும். பெரிய கோட்டைகள் குளிர்காலத்திலும் திறந்திருக்கும் என்றாலும், தோட்டங்கள் மொட்டையாக இருக்கும். குளிர்காலத்தில் போகத்தான் வேண்டும் என்றால் டிசம்பரில் போங்கள், கிறிஸ்துமஸ் அலங்காரமாவது கிடைக்கும்.

விசாவும் ரயிலும்

இந்தியா, இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். ஆனால் கோடை விடுமுறைக் காலத்தில் நேர்காணல் தேதி கிடைப்பதே கஷ்டம் என்பதால், இரண்டு மூன்று மாதம் முன்பே வேலையை ஆரம்பியுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். தங்குமிடத்தை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள்.

பாரிசிலிருந்து தூர் நகரத்துக்கு மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏற வேண்டும். ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இங்கே புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. அந்த ரயில்களில் பல தூர் மத்திய நிலையத்துக்குள் போகாது, சேன்-பியேர்-தெ-கோர் என்ற பக்கத்து நிலையத்தில் நின்றுவிட்டுப் போய்விடும். அங்கே இறங்கி, ஐந்து நிமிட உள்ளூர் ரயிலில் தூர் போக வேண்டும். பயணச்சீட்டில் இந்தப் பெயரைப் பார்த்தால் தவறு நடந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். சார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்தே நேராக இந்த நிலையத்துக்கு வரும் அதிவேக ரயில்களும் சில உண்டு. நேரம் பொருந்தினால் பாரிசுக்குள் நுழையாமலேயே வந்துவிடலாம். புளுவாவுக்குப் போவதென்றால் ஓஸ்டர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். அதிவேக ரயிலுக்குச் சீட்டை எவ்வளவு முன்னால் வாங்குகிறீர்களோ அவ்வளவு மலிவு. உள்ளூர் ரயிலுக்கு அன்றன்று வாங்கினாலே போதும்.

ஒரே ஊரில் தங்குங்கள்

ஒவ்வொரு இரவும் ஒவ்வோர் ஊரில் தங்கிப் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதில் பாதி விடுமுறை போய்விடும். ஒரு ஊரைத் தேர்ந்து அங்கிருந்து போய் வாருங்கள்.

கார் இல்லாதவர்களுக்குத் தூர் சரி. நாலா பக்கமும் ரயில் இருக்கிறது, டிராம் இருக்கிறது, பழைய நகரத்தில் மரச்சட்டம் வைத்த வீடுகள் சூழ்ந்த பிளாஸ் புளுமெரோ சதுக்கம் இருக்கிறது, மாலையில் ஊரே அங்கே வந்து உட்காரும். சின்ன ஊர் வேண்டும், ஜன்னலைத் திறந்தால் கோட்டை தெரிய வேண்டும் என்பவர்களுக்கு அம்புவாஸ். தூரிலிருந்து ரயிலில் இருபது நிமிடம்தான். ஷாம்போர்தான் முக்கியம் என்று நினைப்பவர்களுக்குப் புளுவா. என்னைக் கேட்டால் அம்புவாஸ். ஆறும் கோட்டையும் சந்தையும் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது பெரியவர்களோடு வரும் குடும்பங்களுக்குப் பெரிய நிம்மதி.

ஓட்டலைவிட, ஷாம்பர் தோத் என்று பலகை வைத்திருக்கும் வீடுகளைப் பாருங்கள். குடும்பம் வாழும் வீட்டில் ஓர் அறை, காலைச் சாப்பாட்டோடு. எந்த விவசாயியிடம் ஒயின் வாங்கலாம், எந்தக் கடை திங்கட்கிழமை திறந்திருக்கும் என்பதெல்லாம் அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும். சமைத்துச் சாப்பிட வேண்டும் என்றால் ழீத் என்ற வகை வீடுகளை வாரக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள்.

கார் எடுப்பதா, வேண்டாமா

இரண்டு பேர், உடம்பில் தெம்பு இருக்கிறது என்றால் வேண்டாம். ரயிலும் சைக்கிளும் போதும். தூரிலிருந்து ஷெனோன்சோவுக்கு ரயிலில் அரை மணி நேரம், நிலையத்தில் இறங்கினால் அரண்மனை வாசல் கண்ணுக்கு முன்னால். ஆனால் அந்த வழியில் ரயில்கள் குறைவு. போய் இறங்கியதும் திரும்பும் ரயிலின் நேரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புளுவா நிலையத்திலிருந்து ஷாம்போருக்கும் ஷெவெர்னி என்ற இன்னொரு மாளிகைக்கும் சீசனில் பேருந்து ஓடுகிறது. தூரிலிருந்து அரை நாள், முழு நாள் வேன் சுற்றுலாக்களும் உண்டு. சுற்றுலா அலுவலகத்தில் கேட்டால் பதிவு செய்துகொள்ளலாம்.

சைக்கிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லுவார் கரையோரமாகச் சுமார் 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு அதில் இருபது கிலோமீட்டர் போதும். தூரிலிருந்து தோட்டத்துக்குப் பேர் போன வில்லாந்திரி மாளிகை வரை சமதளம், பெரும்பகுதி ஆற்றோரம், பத்து வயதுப் பிள்ளையும் ஓட்டும். பேட்டரி சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும். போகும்போது சைக்கிள், திரும்பும்போது களைத்துவிட்டால் வழியில் ஏதாவது நிலையத்தில் சைக்கிளோடு உள்ளூர் ரயிலில் ஏறிக்கொள்ளலாம்.

குழந்தைகள், வயதானவர்கள் என்று நான்கைந்து பேர் வந்தால் கார்தான். நம் ஊர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்து வாருங்கள். கியர் இல்லாத கார் வேண்டும் என்றால் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது. வண்டி வலப்பக்கம் ஓடும். எந்தப் பலகையும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு நீங்கள் வழிவிட வேண்டும். அவர் சின்னச் சந்திலிருந்து வந்தாலும் சரி. இது தெரியாமல் பயந்துபோனவர்கள் நிறைய.

ஓட்டுபவர் ஒயின் குடிக்கக் கூடாது. சட்டப்படி ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் வரைதான், இரண்டு கோப்பையிலேயே அதைத் தொட்டுவிடலாம். போலீஸ் வழியில் நிறுத்தி ஊதச் சொல்வது சாதாரணம். காலையிலேயே யார் ஓட்டுவது என்று முடிவு செய்துவிடுங்கள்.

எந்தக் கோட்டை, எப்படிப் பார்ப்பது

ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் ஷெனோன்சோ. ஷேர் என்ற ஆற்றுக்குக் குறுக்கே, பாலத்தின் மேல் நிற்கிறது. இதைக் கட்டியதிலும் காத்ததிலும் பெண்களின் கைதான் அதிகம். அரசர் இரண்டாம் ஹென்றி 1547இல் தன் காதலி தியான் தெ புவாத்தியேவுக்கு இதைக் கொடுத்தார். ஆற்றின் மேல் பாலம் கட்டியது தியான். 1559இல் அரசர் இறந்ததும் ராணி காத்தரின் தெ மெதிசி மாளிகையைத் தியானிடமிருந்து வாங்கிக்கொண்டு, அதே பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளத்துக்கு மண்டபம் எழுப்பினார். முதல் உலகப் போரில் அந்த மண்டபத்தில் கட்டில் போட்டு மருத்துவமனை நடத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஷேர் ஆறே எல்லைக்கோடு: ஒரு கரை ஜெர்மானியர் பிடித்த பகுதி, மறுகரை பிடிபடாத பகுதி. மண்டபத்தின் தெற்குக் கதவைத் திறந்து பலர் தப்பினார்கள். அந்தக் கதவு வரை கட்டாயம் நடந்து போங்கள்.

மாடியில் ஒரு கறுப்பு அறை இருக்கிறது, பலர் எட்டிப் பார்த்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். ராணி லூயிஸின் அறை. கணவர் மூன்றாம் ஹென்றி 1589இல் கொலையுண்ட பிறகு அவர் இங்கேயே ஒதுங்கி வாழ்ந்தார். சுவரெல்லாம் கறுப்பு, அதன்மேல் வெள்ளி நிறத்தில் கண்ணீர்த்துளிகள். ஆனால் அவர் உடுத்தியது வெள்ளை, அந்நாள் பிரெஞ்சு அரச வழக்கத்தில் கைம்பெண்ணுக்கு அதுதான் துக்க நிறம். வெள்ளை ராணி என்றே ஊரில் அழைத்தார்கள். இதைச் சொன்னதும் அம்மா அந்த அறையை விட்டு வெகுநேரம் நகரவில்லை. இந்தக் கதையின் முன்பாதி புளுவா அரண்மனையில் இருக்கிறது: 1588 டிசம்பர் 23 அன்று இதே மூன்றாம் ஹென்றி, தன் எதிரியான கீஸ் பிரபுவைத் தன் ஆட்களை வைத்து அங்கேதான் வெட்டிக் கொன்றார். முதலில் புளுவா, மறுநாள் ஷெனோன்சோ என்று பார்த்தால் அந்தக் கறுப்பு அறை இன்னும் நன்றாகப் புரியும்.

ஷெனோன்சோவில் கூட்டம் பதினொரு மணிக்கு மேல் நெருக்கும். திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள், அல்லது மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போங்கள். தரைத்தளத்துக்குக் கீழே பாலத்தின் தூணுக்குள் அமைந்த சமையலறையை விட்டுவிட வேண்டாம். செம்புப் பாத்திரங்கள் அளவு வாரியாகத் தொங்கும், ஜன்னலுக்குக் கீழே ஆறு ஓடும்.

ஷாம்போர் வேறு ரகம். முதலாம் பிரான்சுவா 1519இல் ஆரம்பித்தது. 282 கணப்பு அடுப்புகள், 5,440 ஹெக்டேர் காடு, அதைச் சுற்றி 32 கிலோமீட்டர் மதில். இவ்வளவும் கட்டிய அரசர் தம் 32 ஆண்டு ஆட்சியில் இங்கே தங்கியது மொத்தம் 72 நாள். அது வேட்டைக்கு வரும்போது இறங்கும் இடம், அவ்வளவுதான். உள்ளே அறைகள் வெறுமையாகத் தோன்றுவதும் அதனால்தான். அரசர் வரும்போது சாமான்களும் கூடவே வரும், போகும்போது கூடவே போய்விடும். இங்கே பார்க்க வேண்டியது நடுவில் இருக்கும் படிக்கட்டு. இரண்டு சுருள் படிகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஏறுகின்றன. நீங்கள் ஒன்றிலும் துணைக்கு வந்தவர் மற்றொன்றிலும் ஏறினால், நடுவில் உள்ள ஜன்னல் வழியே ஒருவரையொருவர் பார்க்கலாம், ஆனால் மேலே போகும்வரை சந்திக்க மாட்டீர்கள். குழந்தைகள் இதை விட்டு இறங்கவே மாட்டார்கள். அப்புறம் மொட்டை மாடி: கோபுரங்களுக்கும் புகைபோக்கிகளுக்கும் நடுவே தெருவில் நடப்பதுபோல நடக்கலாம்.

அம்புவாஸில் கோட்டையைவிட, அங்கிருந்து சில நூறு மீட்டர் மேலே இருக்கும் க்ளோ லூசே மாளிகை என்னைக் கட்டிப்போட்டது. லியோனார்தோ டா வின்சி கடைசி மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, 1519 மே 2 அன்று இறந்த வீடு. மோனா லிசா ஓவியத்தைக் கூடவே கொண்டு வந்திருந்தார். தோட்டத்தில் அவர் வரைந்த இயந்திரங்களைப் பெரிய அளவில் செய்து வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் சுற்றிப் பார்க்கலாம், சிலவற்றை இயக்கியும் பார்க்கலாம். அவரது கல்லறை கோட்டைக்குள் இருக்கும் சின்ன தேவாலயத்தில். கோட்டையிலிருந்து க்ளோ லூசேவுக்குப் போகும் தெருவில் நடக்கும்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்துக்கொண்டே போங்கள்: பாறையில் கதவு, பாறையில் ஜன்னல், பாறைக்கு மேலே புகைபோக்கி. தூஃபோ கல்லைக் குடைந்த வீடுகள், இன்றும் ஆட்கள் வசிக்கிறார்கள்.

கோட்டை பார்த்து அலுத்தவர்களுக்கு வில்லாந்திரி. அங்கே மாளிகைக்குள் போகாமல் தோட்டச் சீட்டு மட்டும் வாங்கினாலே போதும். 1906இல் இதை வாங்கிய ஸ்பானிய மருத்துவர் ஹோவாகின் கார்வாயோ, பதினாறாம் நூற்றாண்டு பாணியில் தோட்டத்தை மறுபடி உருவாக்கினார். அதில் ஒன்பது சதுரங்களாக ஒரு காய்கறித் தோட்டம். முட்டைக்கோஸும் கீரையும் பூசணியும் கோலம் போட்டதுபோல நிறம் பார்த்து நட்டிருப்பார்கள். உயரத்திலிருந்து பார்க்க வேண்டும், ஆகவே முதலில் மேல்தளத்துக்கு ஏறிவிடுங்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி அஸே-லெ-ரிதோ, ஆற்று நடுவில் தண்ணீரில் தன் நிழலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மாளிகை. இரண்டையும் ஒரே நாளில் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு பெரிய கோட்டைக்குள் போக ஒருவருக்கு 15 யூரோவை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும். அரசு நடத்தும் ஷாம்போர், அஸே-லெ-ரிதோ போன்றவற்றில் 18 வயதுக்குக் கீழே இலவசம். ஷெனோன்சோ போன்ற தனியார் மாளிகைகளில் குழந்தைகளுக்கும் சீட்டு உண்டு. போகும் முன் அந்தந்தக் கோட்டையின் சொந்த இணையதளத்தில் நேரத்தையும் கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒயின் கிடங்குக்குள்

ஒயின் குடிக்காதவர்களும் ஒரு கிடங்குக்குப் போக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அப்பா வாழ்நாளில் மதுவைத் தொடாதவர். ஆனால் வூவ்ரே குகைக்குள் ஒரு மணி நேரம் நின்று, பீப்பாய் எந்த மரம், கழுவுவது எப்படி, கல்லில் ஈரம் ஏன் கசிகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெளியே 34 டிகிரி வெயில். உள்ளே கோடையோ குளிர்காலமோ 12 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆகஸ்டிலும் ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். பல இடங்களில் பிள்ளைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் திராட்சைச் சாறு தருகிறார்கள்.

இந்த ஆற்றங்கரையில் எந்த ஒயின் எங்கே என்று இவ்வளவு தெரிந்தால் போதும்: வூவ்ரேவிலும் எதிர்க்கரையில் மோன்லூயியிலும் ஷெனின் என்ற வெள்ளைத் திராட்சை. ஷினோன், பூர்கேய் பக்கம் கபர்னே ஃபிரான் என்ற கறுப்புத் திராட்சை, அதிலிருந்து சிவப்பு ஒயின். சோமூர் நுரைக்கும் ஒயினுக்குப் பேர் போனது. கிழக்கே தொலைவில் சான்சேர், மேற்கே கடல் பக்கம் முஸ்கதே. இந்தப் பயணத்தில் அவை வேண்டாம்.

வூவ்ரேவில் ஒரு விஷயம் புதியவர்களைக் குழப்பும். ஒரே திராட்சை, ஒரே தோட்டம், ஆனால் ஒரு பாட்டில் புளிப்பாக இருக்கும், இன்னொன்று தேன் போல இனிக்கும். லேபிளில் செக் என்றால் இனிப்பு இல்லாதது, தெமி-செக் என்றால் லேசான இனிப்பு, முவாலே என்றால் நல்ல இனிப்பு. எந்த ஆண்டு வெயில் அதிகமோ அந்த ஆண்டு பழத்தில் சர்க்கரை ஏறும், இனிப்பு ஒயின் செய்வார்கள். குளிர்ந்த ஆண்டில் நுரைக்கும் ஒயினை அதிகம் செய்வார்கள். வானம் கொடுத்ததை வைத்து ஒயின் செய்வது என்று எனக்கு ஒரு விவசாயி விளக்கினார். முதல்முறை சுவைப்பவர்கள் தெமி-செக்கிலிருந்து ஆரம்பித்தால் பழகச் சுலபம்.

போகும் முறை இதுதான். சாலையோரம் தெகுஸ்தாசியோன் என்று பலகை இருந்தால் அங்கே சுவைத்துப் பார்க்கலாம் என்று அர்த்தம். பெரிய கிடங்குகளில் நேரே போகலாம். குடும்பமாக நடத்தும் சிறிய தோட்டத்துக்கு முந்தின நாளே போன் செய்யுங்கள். அறுவடை நேரத்தில் அவர்களுக்குப் பேசவே பொழுது இருக்காது. உள்ளே நுழைந்ததும் போன்ஷூர் என்று வணக்கம் சொல்லுங்கள். கோப்பையில் கொஞ்சமாக ஊற்றுவார்கள். நிறத்தைப் பாருங்கள், கோப்பையைச் சுழற்றி முகருங்கள், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டுங்கள். அப்புறம் விழுங்கத் தேவையில்லை, துப்புவதற்கென்று பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பினால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள், ஒயின் செய்பவரே அப்படித்தான் செய்வார். ஐந்தாறு வகையை விழுங்கினால் மத்தியானமே தலை சுற்றும். சுவைக்கக் காசு வாங்காத சிறிய இடமாக இருந்தால், கிளம்பும்போது ஒன்றிரண்டு பாட்டில் வாங்குவது அவர்கள் செலவிட்ட நேரத்துக்கு நாம் செய்யும் மரியாதை.

இந்தியாவுக்குத் தீர்வை இல்லாமல் ஒருவர் இரண்டு லிட்டர் மது கொண்டுபோகலாம், அதாவது இரண்டு பாட்டில், தாராளமாக. கைப்பையில் வைக்க முடியாது, பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி வையுங்கள்.

சாப்பாடு

நேரம்தான் முதல் பாடம். மத்தியானம் 12 முதல் 2 மணி வரை, இரவு ஏழரைக்கு மேல். மூன்று மணிக்குப் பசித்தால் ரொட்டிக் கடைதான் கதி. ஞாயிறு மாலையும் திங்களும் சின்ன ஊர்களில் பல கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே பழமும் பாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம், "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும். ரொட்டியும் இலவசம்.

சைவம் சாப்பிடுபவர்கள் வெறுமனே சைவம் என்று சொன்னால் போதாது. "சான் வியாந்த், சான் புவாசோன்" என்று இறைச்சி, மீன் இரண்டையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். இல்லாவிட்டால் சாலட்டில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் தூவி வரும். சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட் எல்லா ஊரிலும் கிடைக்கும், வயிறு நிறையும். ஃபூவே என்று ஒரு சின்ன உப்பலான ரொட்டி உண்டு. அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு நடுவில் கீறி, அவரைப்பருப்போ வெண்ணெயோ சீஸோ வைத்துத் தருவார்கள். அசைவக்காரர்களுக்கு ரியேத்: பன்றி இறைச்சியைத் தன் கொழுப்பிலேயே மணிக்கணக்காக வேகவைத்து உதிர்த்தது.

ஆட்டுப்பால் சீஸ் இந்த வட்டாரத்தின் பெருமை. சேன்-மோர் என்ற வகை நீள உருளையாக, மேலே சாம்பல் பூசிக் கறுப்பாக இருக்கும். வாங்கி வெட்டினால் நடுவில் ஒரு வைக்கோல் தாள் ஓடும். கோதுமை போன்ற ரை தானியத்தின் தாள் அது. உருளை உடையாமல் பிடித்துக்கொள்ள வைப்பது. தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், செய்தவரின் அடையாளம் பொறித்திருக்கும். ஒரு குறிப்பு: இந்தப் பாரம்பரியச் சீஸ்களுக்குப் பாலை உறைய வைப்பது இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள். கடுமையான சைவம் கடைப்பிடிப்பவர்கள் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும்.

நான்கு நாள் எப்படி

வியாழன் காலை கிளம்பி அம்புவாஸில் இறங்குங்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று மத்தியானம் க்ளோ லூசே, மாலை கோட்டை. வெளிச்சம் இருக்கும்போதே பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் கோட்டை முழுசாகத் தெரியும்.

வெள்ளி, புளுவா வழியாக ஷாம்போர். காலையில் ரயிலில் புளுவா, பேருந்தில் ஷாம்போர், திரும்பும் வழியில் புளுவா அரண்மனை. இந்த ஒரு நாள் மட்டும் கொஞ்சம் நீளம்.

சனி காலை முதல் ஆளாக ஷெனோன்சோ. அம்புவாஸிலிருந்து காரிலோ டாக்சியிலோ கால் மணி, ரயில் என்றால் தூர் சுற்றிப் போக வேண்டும். மத்தியானம் வூவ்ரே, ஏதாவது ஒரு குகை. கிடங்கைப் பார்த்த பிறகு மாலையில் லுவாரில் படகு ஏறுங்கள். தூ என்று சொல்லும் தட்டையான அடியுள்ள மரப்படகு, ஒரு காலத்தில் கல்லும் ஒயினும் இது மாதிரிப் படகுகளில்தான் போயின. ஆற்றில் மட்டும் இறங்காதீர்கள். மணல் திட்டு அமைதியாகத் தெரியும், ஆழமும் சுழலும் மேலே தெரியாது. காலடி மணலே இழுத்துக்கொண்டு போகும். உள்ளூர்க்காரர்கள் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது இதுதான். வில்லாந்திரியும் அஸேயும் பார்க்க ஆசை என்றால் இன்னொரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள், இந்த மூன்று நாளுக்குள் திணிக்காதீர்கள்.

ஞாயிறு காலை அம்புவாஸில் ஆற்றங்கரைச் சந்தை. ஒன்பது மணிக்குப் போய்விடுங்கள். கடை கடையாகச் சீஸை நறுக்கி நீட்டுவார்கள், இளசு, நடுத்தரம், முற்றியது என்று மூன்று பருவம் இருக்கும். இளசு தயிர் வாசனை, முற்றியது நாக்கில் சுரீரென்று பிடிக்கும். நடுத்தரத்தில் ஒன்று, ஒரு நீள ரொட்டி, ஒரு பை செர்ரியோ திராட்சையோ வாங்கிக்கொண்டு அங்கேயே கரையில் உட்காருங்கள். ரயில் மத்தியானம்தான்.